ஒரு கம்பம் பின்னால்

பேய் கதை என்று யாராவது ஆரம்பித்தால் சிரித்துவிட்டு எழுந்து போகிற ஆள் நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான், எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ, அதில் எனக்குக் கர்வம் உண்டு. அதனால் இதைப் படித்து நீங்கள் சிரித்தாலும் கோபம் வராது, ஆனால் நடந்தது நடந்ததுதான்.

குடோன்களைச் சுற்றியிருக்கும் கம்பி வேலியில் ஃபைபர் கேபிள் கட்டுவது எங்கள் வேலை. கேபிளுக்குள் ஒளி ஓடிக்கொண்டே இருக்கும். யாராவது வேலியில் ஏறினாலோ கம்பியை வெட்டினாலோ ஒளி நடுங்கும், எந்த இடம் என்று லேப்டாப்பில் கோடு துள்ளும். கட்டி முடித்ததும் ஒருவர் கம்பம் கம்பமாக நடந்து ஸ்க்ரூடிரைவர் பிடியால் மூன்று தட்டு தட்ட வேண்டும், தட்டியதும் உள்ளங்கையால் கம்பியை அமுக்கி அதிர்வை நிறுத்த வேண்டும். இன்னொருவர் கோட்டைப் பார்ப்பார்.

நூம்பல் பக்கத்து குடோன்தான் நான் தனிப்பொறுப்பில் எடுத்த முதல் சைட். திங்கட்கிழமை காலை ஒப்படைக்க வேண்டும், தேவையில்லாமல் ஒரு அலாரம் அடித்தாலும் பொறுப்பு வேறொருவருக்குப் போய்விடும். ஞாயிறன்று என்னோடு வேலை செய்கிற கோபி அண்ணன், மகளுக்குக் காது குத்து என்று பாடியில் தன் வீட்டிலேயே இருந்துவிட்டார். நல்ல வெயில், உள்ளே ஒரு லாரிகூட இல்லை. அம்மா போனில் "சாப்டியாடி?" என்றாள், "ம்" என்றேன். அதற்கு மேல் என் வேலையைப் பற்றி அவளிடம் என்ன சொல்வது? குடோன் ஆபீஸ் அறையில் லேப்டாப்பைப் பதிவு செய்ய விட்டுவிட்டு நானே தட்டிக்கொண்டு ஒரு சுற்று நடந்து வந்தேன்.

திரும்பி வந்து பார்த்தால் என் தட்டல்கள் எல்லாம் சரியாகப் பதிவாகியிருந்தன. அவற்றோடு இன்னொரு வரிசையும் இருந்தது. நான் ஒரு கம்பத்தில் தட்டும் அதே நேரத்தில், ஒரு கம்பம் பின்னால் மூன்று தட்டு. அதிர்வுதான் ஓடியிருக்கும் என்று முதலில் நினைத்தேன். ஆனால் பின்பக்க மூலையில் நின்று ரொம்ப நேரம் தண்ணீர் குடித்தேனே, அப்போது நான் தட்டவே இல்லை, அதுவோ ஒரு கம்பம் பின்னாலேயே நின்று மறுபடியும் மூன்று தட்டியிருக்கிறது. நான் அடுத்த கம்பத்துக்கு நகர்ந்த பிறகுதான் அதுவும் நகர்ந்திருக்கிறது. அதிர்வு ஆளுக்காகக் காத்திருக்குமா, நீங்களே சொல்லுங்கள்.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடைசிக்கு முந்தின கம்பத்தில் கோடு துள்ளியது. மூன்று தட்டு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி மூன்று. ஜன்னல் வழியாக அந்தக் கம்பம் தெரிந்தது, பக்கத்தில் யாரும் இல்லை. வாட்ச்மேன் முன் கேட்டில் நாற்காலியிலேயே தூங்கிக்கொண்டிருந்தார்.

மேனேஜருக்கு போன் செய்தேன். "காத்தா இருக்கும்மா. அந்த எடத்துல மட்டும் சென்சிட்டிவிட்டிய கொறைச்சு வுட்டுடு."

"கொறைச்சா அங்க எவன் வெட்டுனாலும் தெரியாது சார்," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அடுத்து கோபி அண்ணனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். "இன்னா மேடம், நான் லீவு போட்டா பேயை வேலைக்கி வெச்சிக்கினியா? கம்பத்துக்கு மூணு கரெக்டா தட்டுதா? என் வேலைக்கே ஒலை வெச்சிடும் போல!" என்று சிரித்தார். பின்னால் மேளச் சத்தம். போனை வைத்ததும் அந்த இடம் முன்பைவிடக் காலியாகிவிட்டது.

எழுந்து அந்தக் கம்பத்துக்குப் போனேன். கேபிள் முடிச்சுகளை அவிழ்த்து இறுக்கிக் கட்டினேன், உள்ளங்கையால் கம்பியை அமுக்கினேன். பேசுவதற்கு வேறு யாரும் இல்லாததால்தானோ என்னவோ, வாய்விட்டே சொன்னேன்: "யாருன்னு தெரியல. இது என் மொத சைட்டு, நாளைக்குக் குடுக்கணும். ஆடாம கொஞ்சம் புடிச்சுக்கோ." பிறகு கையை எடுத்தேன்.

அதற்கப்புறம் ஒரு தட்டுகூட இல்லை. திங்கட்கிழமை நல்லபடியாக ஒப்படைத்தேன். பூந்தமல்லி பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது ஜன்னலோரம் தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

மழைக்காலம் வந்தது. ஒப்படைத்த பிறகும் பராமரிப்பு எங்களுடையதுதான், கோடுகள் என் லேப்டாப்பிலும் தெரியும். புயல் காற்றில் எல்லாக் கோடுகளும் கூத்தாட, அந்த ஒரு கம்பத்தின் கோடு மட்டும் நேராக, அசையாமல் கிடந்தது. கேபிள் பழுதாகிவிட்டதென்று நினைத்து கோபி அண்ணனை அனுப்பினேன். அவர் தட்டியதும் ஒழுங்காகத் துள்ளியது, உடனே மறுபடி அடங்கிவிட்டது. கம்பியைத் தொட்டுப் பார்த்துவிட்டு அங்கிருந்தே போனில் சொன்னார்.

"மழைல எல்லாம் ஜில்லுனு கீது மேடம். இந்த எடம் மட்டும் கதகதன்னு கீது. யாரோ கை வெச்சினு இருந்தா மாதிரி."

இன்றைக்கும் அந்தக் கோடு அப்படியேதான் இருக்கிறது. போதும், கையை எடுத்துக்கோ என்று நான் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். இன்னும் சொல்லவில்லை.