ஆம்ப்ரோஸ் மூச்சு எடுத்த இடங்கள்

டீலியா பெரியம்மாவுக்குச் சங்கீதம் தெரியாது. அதை அவரே எல்லோரிடமும் சொல்வார், கொஞ்சம் பெருமையாகவே. கில்டெராக் இசைக்குழுவின் புல்லாங்குழல்காரரோடு நாற்பது வருடத்துக்கு மேல் குடித்தனம் நடத்தியவர் இப்படிச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். ஆனால் உண்மை. நாட்டுப்புற நடன மெட்டுகளில் ரீல் எது, ஜிக் எது என்று காலைத் தட்டிப் பார்த்துச் சொல்லிவிடுவார். அதற்கு மேல் கேட்டால், "எல்லாம் ஒரே மாதிரிதான்டி இருக்கு. ஒண்ணு முடிஞ்சிடுச்சுன்னு கைதட்டப் போனா இன்னொண்ணு ஆரம்பிச்சிருக்கும்" என்பார்.

அயர்லாந்தில், கிழக்கு கால்வேயின் மேட்டு நிலத்தில் அவர்கள் வீடு. ஆம்ப்ரோஸ் பெரியப்பாவுக்கு இருபது மாடுகளும் தண்ணீர் தேங்கும் சில வயல்களும் இருந்தன. பிள்ளைகள் இல்லை. குழு கல்யாணங்களுக்கும் நடன மண்டபங்களுக்கும் போகிற நாட்களில் பெரியம்மாதான் பால் கறப்பார். அவர்கள் ஒத்திகைக்கு வீட்டுக்கு வருகிற நாட்களில் சோடா ரொட்டி சுடுவார், ஹாம் வைத்து சாண்ட்விச் அடுக்குவார், டீ ஊற்றிக்கொண்டே இருப்பார். "ஊரெல்லாம் அவங்க வாசிப்பைப் பத்திப் பேசுது. என் ரொட்டியைப் பத்தி ஒருத்தனும் தட்டுல எழுதல" என்று இசைத்தட்டு உறையைத் திருப்பிக் காட்டுவார். ஏழு இசைத்தட்டுகள். பின்பக்கப் படத்தில் எல்லோரும் இருப்பார்கள். வயலின் மாலக்கி எப்போதும் நடுவில்.

சங்கீதம் தெரியாத பெரியம்மா ஆம்ப்ரோஸை மட்டும் எங்கே கேட்டாலும் கண்டுபிடித்துவிடுவார். ஒருமுறை லாக்ரே ஊரில் முடி திருத்தும் கடையில் நானும் இருந்தேன். தலை நிறையச் சுருட்டிகளோடு அவர் உட்கார்ந்திருக்க, வானொலியில் ஒரு ரீல் ஓடியது.

"பக்கத்து மாவட்டத்துக் கிளேர்க்காரங்க வாசிப்பு. என்ன வேகம் பாரு" என்றாள் கடைக்காரி.

"கிளேராவது மண்ணாங்கட்டியாவது. அது என் வீட்டுக்காரரு."

"எப்படிச் சொல்றீங்க? பேரே இன்னும் சொல்லலையே."

"பேரு எதுக்கு? எடுக்கக் கூடாத இடத்துல மூச்சு எடுக்கறாரு பாரு. அதோ! கேட்டியா?"

கேட்டது. மற்றவர்கள் ஒரு வரி முடிகிற இடத்தில் மூச்சு எடுப்பார்கள். பெரியப்பா வரியின் நடுவில் ஒரு சுரத்தைக் கீழே போட்டுவிட்டு, அந்த இடுக்கில் படக்கென்று காற்றை இழுப்பார். எந்தச் சுரத்தை விடுகிறான், எங்கே மூச்சு எடுக்கிறான் என்பதை வைத்துத்தான் இங்கே ஒரு குழல்காரனை அடையாளம் சொல்வார்கள். பெரியப்பாவின் மூச்சு மாட்டுக் கொட்டகைக் கதவிடுக்கில் காற்று நுழைகிற மாதிரி என்று மாலக்கி கிண்டல் செய்வார். நிகழ்ச்சி முடிந்து அறிவிப்பாளர் கில்டெராக் குழு என்று சொன்னபோது பெரியம்மா கடைக்காரியைப் பார்க்கக்கூட இல்லை. கண்ணாடியில் தன் சுருட்டிகளைச் சரிபார்த்துக்கொண்டார்.

அந்த மூச்சைக் கெடுத்தது புல். மழை விடாத கோடைகளில் ஈரம் காயாமலே புல்லைக் கட்டிவிடுவார்கள். குளிர்காலத்தில் கட்டைப் பிரித்து மாடுகளுக்கு உதறும்போது பூஞ்சைத் தூசி கொட்டகை முழுக்கப் புகை மாதிரி எழும்பும். அதை வருடக்கணக்காகச் சுவாசித்தவர் பெரியப்பா. டாக்டர் சொல்லும்போது நுரையீரல் பாதிக்கு மேல் போய்விட்டிருந்தது. மாடுகளை விற்றார். கடைசியாக ஒரு நடனத்துக்கு வாசித்துவிட்டு வந்தவர் குழலைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார்.

அப்போதுதான் மாலக்கி ஒரு யோசனையோடு வந்தார். நகரத்துக்குப் போய்ப் பதிவு செய்ய ஆம்ப்ரோஸால் முடியாது, ஒலிப்பதிவுக்காரனையே வீட்டுக்குக் கூட்டி வரலாம், எட்டாவது தட்டைச் சமையலறையிலேயே முடித்துவிடலாம் என்றார்.

"கேக்கறதுக்கு ஆளு இருக்கா இன்னும்?" என்றார் பெரியப்பா.

"டீலியா இருக்கா. பாட்டுக்கும் பால் பக்கெட்டுக்கும் வித்தியாசம் தெரியாது அவளுக்கு. அதனால குறை சொல்ல மாட்டா."

"மாலக்கி, வாயை மூடிட்டு டீயைக் குடி." இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அந்த உரிமை பெரியம்மாவுக்கு உண்டு.

பதிவு நடந்த மதியங்களில் நாய் கொட்டகைக்குப் போனது. சுவர்க்கடிகாரம் படுக்கையறைப் போர்வைக்குள் போனது. ஃப்ரிட்ஜின் உறுமல் ஒலிவாங்கியில் விழுகிறது என்று பெரியம்மா அதை நிறுத்தினார். திரும்பப் போட மறந்து கறி கெட்டுப்போனது. அடுப்பருகே நாற்காலியில் பெரியப்பா, எதிரில் மாலக்கி. மற்றவர்களை வேண்டாம் என்றுவிட்டார்கள். இரண்டு பேர் மட்டும் மெதுவான பாட்டுகளாக வாசித்தார்கள். பெரியப்பா இப்போது முன்பைவிட அதிக இடங்களில் மூச்சு எடுத்தார். நீண்ட, கரகரத்த மூச்சு. ஒவ்வொரு முறையும் குழலில் வரப்போவது சுரமா இருமலா என்று அறையில் எல்லோரும் காத்திருந்தோம். சுரம்தான் வந்தது. பெரியம்மா கைகளை மடியில் வைத்து, அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

வசந்தம் வருவதற்குள் பெரியப்பா போய்விட்டார்.

அவர் போன பிறகு பெரியம்மா பழைய தட்டுகளைப் போடவே இல்லை. ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "அதுல இருக்கறது மண்டபம் மண்டபமா போயிட்டு இருந்த ஆளு. அந்த மூச்சு ஊருக்குச் சொந்தம், எனக்கில்ல. நான்தான் அப்போ கொட்டகைல இருந்தேனே" என்றார். பிறகு, "கடைசி வருஷம்தான் முழுசா என்கூட இருந்தாரு. அந்த மூச்சைக் கேட்டுட்டேதான் தூங்குவேன். நின்னுட்டா முழிச்சுக்குவேன்" என்றார். எட்டாவது தட்டு எப்போது வரும் என்று மட்டும் என்னை வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்பார்.

வந்தது. பள்ளியில் வேலை முடிந்து நான் போனபோது உறை பிரிக்காமல் மேசைமேல் இருந்தது. எனக்காகக் காத்திருந்திருக்கிறார். சிடியைப் போட்டேன். மாலக்கியின் வயலின் தொடங்கியது, குழல் சேர்ந்துகொண்டது. அழகாக இருந்தது. பெரியம்மா தலையைச் சாய்த்துக் கேட்டார். முதல் பாட்டு முடிந்தது.

"சத்தத்தைக் கூட்டு."

கூட்டினேன். எழுந்து வந்து ஒலிபெருக்கியின் துணியில் காதை வைத்தார்.

"அவரு எங்கடி?"

"வாசிக்கறாரே, பெரியம்மா."

"குழல் வாசிக்குது. அவரு எங்க?"

அப்போதுதான் எனக்கும் கேட்டது. விடுபட்ட சுரங்கள் விடுபட்ட இடத்திலேயே இருந்தன. இடுக்கு இருந்தது. இடுக்கில் ஒன்றுமில்லை. யாரோ துடைத்து எடுத்திருந்தார்கள். வரிக்கு வரி ஒரு சின்னக் குழி, அதில் சத்தமே இல்லாத சத்தம்.

"மெஷின் கெட்டுப்போச்சோ?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, "மாலக்கிகிட்ட போலாம் வா" என்றார்.

மாலக்கி வாசலிலேயே எங்களைப் பார்த்துவிட்டார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க முடியாமல் நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

"கேட்டியா? கேட்டுட்டியா? என்ன சொல்ற?"

"நல்லா இருக்கு மாலக்கி."

"நல்லா இருக்காவா? இருபது வயசு ஆம்ப்ரோஸ்! ஒரு இழுப்பு இல்ல, ஒரு கரகரப்பு இல்ல. அந்த ஒலிப்பதிவுப் பையன்கூட நாள்கணக்கா உக்காந்தேன், தெரியுமா? ஒவ்வொண்ணா பிடிச்சு எடுத்தோம்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். ஒண்ணு விடல." நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "உனக்குத் தெரியாது, டீலியா. அவனோட சாவு வீட்டுலயே ஒருத்தன் சொன்னான், கடைசி நடனத்துல ஆம்ப்ரோஸ் ஓட்டைத் துருத்தி மாதிரி ஊதினான்னு. உன் வீட்டு வாசல்ல நின்னு, உன் சாண்ட்விச்சைத் தின்னுட்டு. அங்கேயே அவனை அடிச்சிருப்பேன். அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். என் ஆம்ப்ரோஸைப் பத்தி இனிமே ஒரு நாயும் அப்படிச் சொல்லக் கூடாது."

உள்ளே உட்கார வைத்து மாலக்கி கொடுத்த டீக் கோப்பையையே பெரியம்மா பார்த்துக்கொண்டிருந்தார். "முதல்ல எடுத்தது இருக்குமில்ல? கை வைக்காம, அப்படியே. அந்தப் பையன்கிட்ட?"

"எதுக்கு?"

"சும்மா கேட்டேன்."

"அழிக்கச் சொல்லிட்டேன். என் கண்ணு முன்னாடியே அழிச்சான். நாளைக்கு நாமெல்லாம் போன பிறகு எவனாவது தோண்டி எடுத்து வெளியில விட்டா? செத்தவனோட இயலாமையைக் கடைவீதியில வெக்கலாமா? நீயே சொல்லு."

ஒரு வினாடி, பெரியம்மா மனதில் இருப்பதைச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அவர் மாலக்கியின் கைகளைப் பார்த்தார். முட்டிகள் வீங்கி, விரல்கள் கோணிப்போன கைகள். எட்டாவது தட்டுக்குப் பிறகு மாலக்கியும் வயலினைத் தொடவில்லை என்று ஊருக்குத் தெரியும்.

"நல்ல காரியம் பண்ணின" என்றார். டீயை முழுதும் குடித்தார். என் காரில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். வீட்டு முற்றத்தில் வண்டி நின்ற பிறகும் இறங்கவில்லை. "அவ்வளவு பாசம்டி அவனுக்கு" என்றார். பிறகு அழுதார். பெரியப்பாவின் அடக்கத்தன்றுகூட அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

தட்டு வெளியீடு ஒரு ஞாயிறு மதியம், திருப்பலி முடிந்து, ஊர்க் கூடத்தில் நடந்தது. பாதிரியார் பேசினார். பிறகு தட்டைப் போட்டார்கள். முன்வரிசையில் மாலக்கியும் பெரியம்மாவும் அருகருகே. நான் அவர்களுக்குப் பின்னால்.

மெதுவான பாட்டு. வயலின் தாழ்ந்து, குழல் தனியாக ஏறியது. முதல் குழி வந்தது. கூடம் நிசப்தமாக இருந்தது. அந்தக் குழிக்குள் யாரோ மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது.

பெரியம்மா.

அவருக்குத் தெரிந்து செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. கண் மூடியிருந்தார். அடுத்த குழியில் மறுபடியும். அதற்கடுத்ததில் மறுபடியும். சரியான இடத்தில், சரியான அளவில், லேசாகக் கரகரத்து. ஒன்றுகூடத் தவறவில்லை.

மாலக்கி திரும்பிப் பார்த்தார். முதலில் உடம்புக்கு முடியவில்லையோ என்று பயந்தவர் மாதிரி பெரியம்மாவின் கையைத் தொட்டார். அடுத்த மூச்சு வந்தது. மாலக்கியின் கை அப்படியே நின்றது. அந்த மூச்சு யாருடையது என்று உலகத்தில் இன்னொருவருக்குத் தெரியுமானால் அது மாலக்கிக்குத்தான்.

"டீலியா" என்றார். "ஏன்டீ என்கிட்ட சொல்லல?"

பெரியம்மா கண்ணைத் திறந்தார். "என்னன்னு சொல்றது?"

மாலக்கி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தார். "நிறுத்தச் சொல்றேன். இதை நிறுத்தச் சொல்றேன் நான்."

"உக்காரு."

"டீலியா..."

"உக்காரு மாலக்கி. அவரு வாசிச்சு முடிக்கட்டும்."

மாலக்கி உட்கார்ந்தார். பாட்டு முடிய இன்னும் நிறைய இருந்தது. மற்றவர்கள் மேடையில் இருந்த ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாலக்கி மட்டும் தரையைப் பார்த்தபடி, ஒவ்வொரு குழிக்கும் முன்னால் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.