கூப்பிடாமல் வந்த நடுவர்

குற்றாலத்தில் சீசன் முடிந்துவிட்டால் லாட்ஜ்காரர்கள் கேட்டவர்களுக்கெல்லாம் ஹாலைத் திறந்துவிடுவார்கள். காதுகுத்தும் வளைகாப்பும் நடக்கிற அப்படி ஒரு ஹாலில்தான் எங்கள் போட்டி நடக்கும். நான்கு மேசை, மேசைக்கு இரண்டு பேர். மேசைமேல் தெர்மாகோலில் செய்த மலை, மதில், பாலம். அவற்றுக்கு நடுவே கட்டைவிரல் உயரத்தில் வண்ணம் பூசிய போர்வீரர்கள். இந்த வருடம், அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிற அண்ணாச்சி ஒருவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். மீசை வைத்த எட்டுப் பேர் குனிந்து நின்று பொம்மைகளை நகர்த்திக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்னம்மா, ஆம்பளையளே கொலு வைக்காங்களா?" என்று என்னிடம் கேட்டார்.

"ஆமா அண்ணாச்சி. சுண்டல் கடைசிலதான் தருவோம்" என்றேன்.

நான் அங்கே நடுவர். பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். யாராவது கையைத் தூக்கி "ஜட்ஜ்" என்று கூப்பிட்டால் போய், குனிந்து, அளந்து பார்த்து, இவர் சொல்வது சரி, அவர் சொல்வது தப்பு என்று சொல்லிவிட்டு வர வேண்டும். தப்பு என்று சொல்லப்பட்டவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். அதைக் கண்டுகொள்ளாமல் இருக்கத் தெரிந்தால் பாதி நடுவர் ஆகிவிட்டீர்கள்.

இந்தக் கூத்தையெல்லாம் ஊருக்குக் கொண்டுவந்தது என் வீட்டுக்காரர். கத்தாரில் வேலை. அங்கே உடன் வேலை பார்த்த பிலிப்பைன்ஸ்காரர் ஒருவரிடம், பொம்மைப் படைகளை டேப்பால் அளந்து நகர்த்திச் சண்டை போடுகிற இந்த விளையாட்டைக் கற்றுக்கொண்டு, ஒரு விடுமுறைக்கு வரும்போது பெட்டி நிறைய வீரர்களைக் கொண்டுவந்து இறக்கினார். பெட்டியைத் திறந்த அன்று என் நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். "ஊர்ல உள்ளவன்லாம் சென்ட்டு, கம்பளின்னு கொண்டு வாரான். எங்கண்ணன் பொம்ம கொண்டு வந்திருக்கு. ஒனக்குக் கொடுத்து வச்சது அவ்ளவுதான் மதினி" என்றாள். நானும் சும்மா இருக்கவில்லை. பத்து நாள் வீட்டில் அதுதான் பேச்சு, அதுதான் ஏச்சு.

சண்டை போடுவதற்காவது விஷயம் தெரிந்திருக்க வேண்டும் இல்லையா? அதற்காகத்தான் அவருடைய விதிப் புத்தகத்தை எடுத்துப் படித்தேன். நான் பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். கோ-கோ, கபடி என்று விசில் ஊதிப் பழகியவள். விதி என்று எதையாவது கையில் கொடுத்தால் கீழே வைக்க மாட்டேன். படிக்கப் படிக்க அவர் ஆடுவதில் பாதி தப்பு என்று தெரிந்தது. அவரும் நண்பர்களும் வீட்டுக் கூடத்தில் ஆடும்போது காபி கொண்டுபோய் வைத்துவிட்டு, "அந்தச் செவருக்குப் பின்னால நிக்கிறவன எப்படிச் சுடுவீங்க? அவன் கண்ணுக்குத் தெரிவானா?" என்று கேட்பேன். புத்தகத்தைப் புரட்டுவார்கள். நான் சொன்னதுதான் இருக்கும். இரண்டு மாதத்தில் என்னை நடுவராக்கிவிட்டார்கள். என் வாயை வீட்டிலிருந்து ஹாலுக்கு மாற்றினால் வீடாவது அமைதியாக இருக்கும் என்று அவர் கணக்குப் போட்டிருப்பார்.

முதல் போட்டியில் நான் போட்ட ஆட்டத்தைச் சொல்ல வேண்டும். விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மேசை மேசையாகப் போனேன். கோ-கோவில் தப்பைக் கண்டால் ஊத வேண்டும், அதுதானே நடுவர் வேலை? ஊதினேன். இந்த விளையாட்டில் எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு. ஒவ்வொரு பொம்மையும் ஒரு வட்டத் தட்டின்மேல் நிற்கும். தட்டின் முன் விளிம்பிலிருந்து அளந்தால், போய்ச் சேருகிற இடத்திலும் முன் விளிம்பைத்தான் வைக்க வேண்டும். அவசரத்தில் பின் விளிம்பை வைத்துவிடுவார்கள். பொம்மை ஒரு தட்டு அளவுக்கு ஓசியில் முன்னால் போய்விடும். ஒரு இஞ்ச் இருக்கும். அன்று அதற்கு மட்டும் எத்தனை முறை ஊதினேனோ தெரியாது. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் சேர்ந்து வந்து நின்றார்கள். "அக்கா, ஒங்களுக்குக் கோடிப் புண்ணியம். கூப்பிட்டா மட்டும் வாங்க" என்றார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் வெளியூர்ப் போட்டிகளில் பல இடங்களில் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள் என்று என் வீட்டுக்காரர் எடுத்துக் காட்டினார். ஆடுகிறவர்கள் இரண்டு பேருக்கும் சம்மதம் என்றால் மூன்றாவது ஆள் மூக்கை நுழைக்கக் கூடாது. சரி என்று நானே என் கையால் எழுதி ஹால் சுவரில் ஒட்டினேன்: 'ஆடுபவர் கை தூக்கி அழைத்தால் மட்டுமே நடுவர் தலையிடுவார்.' அதற்குப் பிறகு எத்தனையோ தப்புகளைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நின்றிருக்கிறேன். நாக்கு அரிக்கும். தண்ணீர் குடித்துக்கொள்வேன்.

இனி இந்த வருடத்துக்கு வருகிறேன். என் வீட்டுக்காரர் இந்த விளையாட்டைத் தென்காசிக்குக் கொண்டுவந்தவர், ஆனால் ஒரு தடவைகூடக் கோப்பையைத் தொட்டதில்லை. நன்றாகத்தான் ஆடுவார். கடைசி நேரத்தில் கை கால் ஓடாது, எதையாவது சொதப்புவார். போட்டி ஞாயிற்றுக்கிழமை. புதன்கிழமை திருவனந்தபுரத்தில் விமானம். அடுத்த விடுமுறை இரண்டு வருடம் கழித்து. "இந்த ஒரு தடவ ஜெயிச்சிட்டேன்னு வையி, அங்கன போயி ரெண்டு வருசம் அதையே நெனச்சி ஓட்டிருவேன்" என்று வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். கேட்கும்போது எனக்குச் சிரிப்பாகவும் இருக்கும், பாவமாகவும் இருக்கும். ஊருக்கு வந்துபோகிற மனுஷனுக்கு ஊரில் தன்னுடையது என்று சொல்ல என்னதான் இருக்கிறது?

அன்று அவர் ஒவ்வொரு சுற்றாக ஜெயித்து இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டார். எதிரில் இலஞ்சிக்காரத் தம்பி ஒருவன், போலீஸ் கான்ஸ்டபிள். ஒரு நாள் லீவுக்காக யார் யார் காலையோ பிடித்து வந்தவன். அவர் ஊரில் இருக்கும்போதெல்லாம் எங்கள் வீட்டில்தான் கிடப்பான். ஒருவருக்கொருவர் பொம்மைக்கு வண்ணம் பூசிக் கொடுக்கிற அளவுக்குப் பழக்கம்.

வேறு நடுவர் கிடையாது. புருஷன் ஆடுகிற மேசைக்கு நான் நடுவராக நிற்பது சரியில்லை என்று நானே சொன்னேன். கான்ஸ்டபிள்தான், "அக்காவே போதும். அக்கா எனக்கு ஓரவஞ்சன பண்ணாது" என்றான். பின்னாலிருந்து ஒருவர், "பொண்டாட்டி ஜட்ஜுன்னா கப்பு எங்க போவும்னு சொல்லணுமாலே?" என்றார். "கப்பு போவாது, நீங்கதான் வெளிய போவீங்க" என்றேன்.

ஆட்டம் இழுபறி. கடைசி முறை வரும்போது இரண்டு பேருக்கும் சமமான புள்ளி. மேசைக்கு நடுவில் தீப்பெட்டி அளவில் ஒரு கிணறு. ஆட்டம் முடியும்போது யாருடைய ஆள் அந்தக் கிணற்றைத் தொட்டுக்கொண்டு நிற்கிறானோ அவருக்கு வெற்றி. கான்ஸ்டபிளின் ஆட்கள் யாரும் பக்கத்தில் இல்லை. என் வீட்டுக்காரரிடம் ஒரு குதிரைக்காரன் மிச்சம். குதிரைக்காரன் ஒரு முறைக்கு எட்டு இஞ்ச் போகலாம். போய்த் தொட்டால் கோப்பை இவருக்கு. தொடாவிட்டால், அதுவரை அதிகம் ஆட்களைக் காப்பாற்றி வைத்திருந்த கான்ஸ்டபிளுக்கு.

அவருக்கு அவசரம். குதிரை கிளம்புகிற இடத்தில் அடையாளத்துக்கு ஒரு பகடையை வைத்தார். முன் விளிம்பிலிருந்து டேப்பை இழுத்தார். எட்டாவது இஞ்சில் கட்டைவிரலை ஊன்றினார். குதிரையைத் தூக்கினார். வைத்தார். பின் விளிம்பு கட்டைவிரலில் முட்டியது. முன் விளிம்பு கிணற்றைத் தொட்டது.

"தொட்டாச்சு!" என்று கத்தினார். ஹாலே கை தட்டியது.

அவர் கள்ளம் பண்ணவில்லை. அது எனக்குச் சத்தியமாகத் தெரியும். பதற்றத்தில் வருகிற அதே பழைய தப்பு. நான் கான்ஸ்டபிளைப் பார்த்தேன். அவன் கண் அந்தக் கட்டைவிரலில் நின்றது, குதிரைக்குப் போனது, அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது. பார்த்துவிட்டான். பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே கையை நீட்டினான். "வாழ்த்துக்கள் அண்ணாச்சி" என்றான். கை கொடுத்துவிட்டால் ஆட்டம் முடிந்தது, அதற்குப் பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

ஊரை விட்டுப் போகிற மனுஷன், போகட்டும் பாவம் என்று விட்டுக்கொடுக்கிறான். என் புருஷனுக்கு இவன் பிச்சை போடுகிறான்!

"கை கொடுக்காதீங்க" என்றேன். "திருப்பி அளங்க."

கைதட்டல் பொசுக்கென்று நின்றது. என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். "யாருட்டி ஒன்னக் கூப்பிட்டா?"

"யாரும் கூப்பிடல."

"அந்தா எழுதி ஒட்டிருக்கில்லா? நீ எழுதினதுதான? கூப்பிடாம நீ ஏன் வார?"

அவர் சொன்னதில் ஒரு எழுத்துத் தப்பில்லை. நான் கான்ஸ்டபிள் பக்கம் திரும்பினேன். "தம்பி, கையத் தூக்கு."

"நான் கூப்பிடலக்கா. எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றான். போலீஸ்காரன் இவ்வளவு மோசமாகப் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. காதெல்லாம் சிவந்துவிட்டது. "ஸ்டேஷன்ல தெனமும் புருஷன் பொண்டாட்டி பஞ்சாயத்துதான் பாக்கேன். இங்கனயுமா? விட்ருங்கக்கா" என்று சமாளித்தான். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

"சரி. விதிப்படி நான் பேசினது தப்பு. நான் சொன்னது செல்லாது. கப்பு ஒங்களுக்குத்தான், எடுத்துக்கோங்க" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அப்படியே விட்டிருந்தால் கோப்பை எங்கள் வீட்டுக்கு வந்திருக்கும். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "நீ செல்லாதுன்னு சொல்லி நான் ஜெயிக்கணுமாக்கும்? எல்லாரும் பாருங்கப்பா" என்று டேப்பைப் பிடுங்கி எடுத்தார். அடையாளத்துக்கு வைத்த பகடை அங்கேயேதான் இருந்தது. என்னை மட்டம் தட்டுவதற்காகவே, ஒவ்வொரு இஞ்சையும் சத்தம் போட்டு எண்ணிக்கொண்டு அளந்தார். எட்டு என்று சொல்லும்போது கிணற்றுக்கு இன்னும் இடம் இருந்தது. டேப்பை மடக்கி இன்னொரு தடவை அளந்தார். இந்தத் தடவை எண்ணவில்லை.

பிறகு குதிரையைத் தன் கையாலேயே பின்னால் எடுத்து வைத்தார். "தொடல" என்றார். கான்ஸ்டபிளிடம் கையை நீட்டி, "நீதாம்லே" என்றார். அவன் குனிந்த தலை நிமிராமல் கோப்பையை வாங்கிக்கொண்டு போனான்.

ஸ்கூட்டரில் தென்காசி வரும்வரை அவர் வேகத்தடை ஒன்றிலும் வண்டியை மெதுவாக்கவில்லை. எனக்கு இடுப்புக் கழன்றது.

மறுநாள் காலையில் சூட்கேஸில் சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டே கேட்டார். "அவன் பாத்தானா?"

எனக்குப் புரிந்தது. புரியாத மாதிரி முறுக்குப் பொட்டலத்துக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். சொன்னால் அந்தப் பையன்மேல் இவருக்கு மனக்கசப்பு வரும். சொல்லாவிட்டால், யாருமே கவனிக்காத தப்பை நான்தான் தேடிப் பிடித்தேன் என்று நினைத்துக்கொண்டே விமானம் ஏறுவார்.

"ஜட்ஜ்ட்டக் கேக்கீங்களா, பொண்டாட்டிட்டக் கேக்கீங்களா?" என்றேன்.

"ஜட்ஜ்ட்ட."

"பாத்தான்."

"பாத்துட்டுமா கை நீட்டினான்?"

"ஆமா."

கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். மடித்த சட்டையைத் திரும்பப் பிரித்தார். "எனக்கு எரக்கப்பட்டிருக்கான், படவா" என்றார். கோபமா சிரிப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை. ரொம்ப நேரம் அந்தச் சட்டையின் காலரையே தடவிக்கொண்டிருந்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"இப்போ பொண்டாட்டிட்டக் கேக்கேன். நான் ஜெயிக்கணும்னு ஒனக்குத் தோணவே இல்லையா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் என்னைக் கண்டு நடுங்குகிற பிள்ளைகள் யாராவது பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள்.

"காலைலருந்து அல்லாட்ட அதுக்குத்தான துவா செஞ்சிட்டு நின்னேன்" என்றேன். "நீங்க அந்தக் குதிரயத் தூக்கும்போதும் துவாதான் செஞ்சிட்டு இருந்தேன். கண்ண மூடிச் செஞ்சிருந்தா பாத்திருக்கவே மாட்டேன்."