முட்டுக்கட்டை பறிக்கிறவர்

கனடாவின் தண்டர் பே நகரில், ஏரியைப் பார்த்து நிற்கும் மருத்துவமனையின் கட்டடப் பராமரிப்பு முழுக்க ரெய்யோ லஹ்தினென் பொறுப்பு. கொதிகலன், குழாய், விளக்கு, கூரை எல்லாம் அவர் கையில். ஆனால் நர்ஸுகளைக் கேட்டால் அவருக்கு ஒரே வேலைதான்: கதவு முட்டுக்கட்டை பறிப்பது.

நோயாளி அறைக் கதவுகள் தாமாகச் சாத்திக்கொள்பவை. தீப்பிடித்தால் புகை உள்ளே நுழையக் கூடாது என்பது விதி. நர்ஸுகளுக்கோ படுத்திருப்பவர் முகம் தெரிந்தாக வேண்டும். ஆகவே மரத்துண்டு, மடித்த அட்டை, ஒருமுறை ஒரு கிறிஸ்துமஸ் பழக் கேக் என்று கிடைத்ததையெல்லாம் கதவடியில் செருகுவார்கள். ரெய்யோ சீட்டியடித்தபடி வந்து உருவிக்கொண்டு போவார். மரத்துண்டைவிடக் கேக் நன்றாகத் தாக்குப்பிடித்ததென்று பாராட்டவும் செய்தார்.

இதே மனிதர் வீட்டில் ஃப்ரிட்ஜைக்கூட ஒழுங்காகச் சாத்துவதில்லை என்பது மனைவி ஐலாவின் புகார். கார் ஷெட்டைத் திறந்துபோட்டு ஒரு கரடிக்கு விருந்து வைத்தவர்.

வழி இல்லாமலில்லை. கதவைச் சுவரோடு பிடித்து வைக்கும் காந்தப் பிடி இருக்கிறது. தீ மணி அடித்தால் தானே விட்டுவிடும். மூன்றாம் மாடித் தலைமை நர்ஸ் மார்லீன் கோசாக் வருஷா வருஷம் கேட்பாள்.

"அடுத்த வருஷம் பாப்போம் மார்லீன். கூரை ஒழுகுது."

கூரை உண்மையிலேயே ஒழுகியது. அதுதான் சங்கடம்.

அப்புறம் ரெய்யோவுக்கு இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன். அதே மூன்றாம் மாடியில் படுக்கை. மார்லீன் தலையணையைச் சரிசெய்துவிட்டு வெளியேறியதும் கதவு சத்தமில்லாமல், கச்சிதமாகச் சாத்திக்கொண்டது. அவரே பார்த்துப் பார்த்து எண்ணெய் விட்ட கீல். கொஞ்ச நேரத்தில் மனிதருக்கு வியர்த்துவிட்டது. வலியைப் பொறுக்க முடிந்தது. வெளியிலிருந்து ஒரு குரல்கூடக் கேட்காததைத்தான் பொறுக்க முடியவில்லை. தான் இங்கே கிடப்பதே எல்லோருக்கும் மறந்துவிட்டதோ என்று பட்டது. மணியை அழுத்தினார்.

"என்ன ராசா, வலிக்குதா?"

"இல்ல. அந்தக் கதவு... கொஞ்சம் தொறந்தே இருக்கட்டுமே."

"எப்படி இருக்கும்? முட்டுக்கட்டை பூரா உன் மேஜை டிராயர்லல்ல தூங்குது!"

"ஒரு அட்டையை மடிச்சு வையேன்."

"ஐயையோ! பராமரிப்புத் தலைவருக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சிடுவாரு. பொல்லாத ஆளு."

"மார்லீன், நெசமாத்தான் கேக்கறேன்."

மார்லீனின் சிரிப்பு அடங்கியது. அட்டை வைக்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, திறந்த கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, ரோஜா நிறப் பாகு பூசிய பன்னைப் பிரித்தாள்.

"இது என் சாப்பாட்டு நேரம். முடியற வரைக்கும் தொறந்திருக்கும். அப்புறம் நீயாச்சு, உன் விதியாச்சு."

"விதி சரிதான்."

"சரிதான். எதிர் ரூம்ல பியூலியூ அம்மா மாசக்கணக்கா அந்த விதிக்குள்ளதான் கெடக்காங்க."

ரெய்யோ எதிர்க் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்துத் தன் துணையாள் டாரியுஷைக் கூப்பிட்டார்.

"கார் நிறுத்தற எடத்துக்குத் தார் போடணும்னமே, அதை நிறுத்து. அந்தப் பணத்துல மூணாம் மாடிக்குக் காந்தப் பிடி."

"பாஸ், குழி குழியா கெடக்கு. டாக்டருங்க திட்டுவாங்க."

"திட்டட்டும்."

"மொதல்ல உங்க ரூமா?"

"எதிர் ரூம். எனக்கு இப்போதைக்கு ஆள் இருக்கு."

அவர் கைத்தடியோடு வேலைக்குத் திரும்பியபோது மாடி முழுவதும் கதவுகள் திறந்திருந்தன. டாக்டர்கள் திட்டிக்கொண்டிருந்தார்கள். மாதாந்திரத் தீ மணிச் சோதனையில் கதவெல்லாம் ஒருசேரச் சாத்திக்கொள்ளும். அவருக்கு அதைவிட அழகான காட்சி கிடையாது. ஆனால் காந்தத்துக்கு விடத் தெரியும், திறக்கத் தெரியாது. மணி ஓய்ந்ததும் யாராவது ஒவ்வொரு கதவாகத் தள்ளித் திறக்க வேண்டும். அந்த வேலையை மட்டும் டாரியுஷிடம் அவர் கொடுப்பதில்லை. தானே தடியைத் தட்டித் தட்டி நடந்து, கதவைத் திறந்து, தலையை நீட்டி, "இருக்கீங்களா?" என்று கேட்பார்.

"எங்க போயிடப் போறேன்?" என்பார் பியூலியூ அம்மாள். "வா, உக்காரு."