தலை வைத்த பக்கம்

அம்ப்ரோஸ் ஸ்னெல் குடிக்காத மனிதன் என்று பிராட்லி ஊரில் யாராவது சொன்னால், சொன்னவன் குடித்திருக்கிறான் என்று அர்த்தம். அவனைப்போன்ற கம்பளி சீவுகிறவர்கள் திங்கட்கிழமை வேலை செய்ததாகச் சரித்திரமே இல்லை. செவ்வாய்க்கிழமை வேலையைப் பற்றிப் பேசுவார்கள். புதனிலிருந்து சனி வரை, ஒரு கரியடுப்பைச் சுற்றி நான்கு பேர் நின்றுகொண்டு, நீள நீளமான இரும்புப் பல் வைத்த சீப்புகளை அதில் சூடாக்கி, எண்ணெய் பூசிய கம்பளியைச் சிக்கெடுத்து இழுப்பார்கள். ஒரு வாரத்து வேலை அந்த நான்கு நாளில் முடிந்துவிடும். நெஞ்சுக்கூடும் அதே வேகத்தில் தேயும்.

அவனுடைய மனைவி வில்மட் இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் கட்டிக்கொண்டாள். கோயில் மணி அடிக்கிறவருடைய மகள் அவள். ராட்டை சுற்றுவதில் அந்தத் தெருவிலேயே அவளுக்குத்தான் கை வேகம், அதைவிட வாய் வேகம். பிப்ரவரி மாதம், தங்கள் தொழிலின் காவலரான புனித பிளேஸ் திருநாளில் கம்பளி சீவுகிறவர்கள் ஊர்வலம் போவார்கள். சீவிய வெள்ளைக் கம்பளியைத் தலையில் பொய்முடியாக வைத்துக்கொண்டு, பிரபுக்கள் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நடப்பார்கள். அப்படி ஒரு வருடம் ஜன்னலில் நின்ற வில்மட், கடைசி வரிசையில் போன மெலிந்த இளைஞனைப் பார்த்துக் கேட்டாள்.

"அந்த முடி உன்னோடதா, ஆட்டோடதா?"

"ஆட்டோடதுதான். என்னோடதவிடச் சுத்தமா இருக்கும். வேணும்னா இறங்கி வந்து பாரு" என்றான் அம்ப்ரோஸ்.

அவள் இறங்கி வந்தாள். அறுவடைக்கு முன்னால் கல்யாணம் முடிந்தது. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் நான்கு பிள்ளைகள். மூத்தவள் டாம்சின் அம்மாவைப்போல நூற்கக் கற்றுக்கொண்டாள். அடுத்த இரண்டு பையன்களும் இன்னும் வாயை மட்டும் வைத்திருந்தார்கள். கடைசிப் பெண் ஜேன் மூன்று வயதில் அம்மையில் போனாள். கோயில் தோட்டத்தில் புதர்வேலி ஓரமாக அவளுக்கு ஒரு கல்லும் இல்லாத இடம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வில்மட் நேராக அங்கே போய், மண்ணில் கிடக்கும் சருகை எடுத்துப் போட்டுவிட்டு வருவாள். அதைப் பற்றி யாரிடமும் பேசமாட்டாள்.

ஜேன் போன பிறகு வந்த இரண்டாவது குளிர்காலத்தில் அம்ப்ரோஸுக்கு இருமல் கண்டது. முதலில் எல்லா சீவுகிறவர்களுக்கும் வரும் இருமல்தான் என்றான். கிறிஸ்துமஸுக்கு அவனால் அடுப்படியில் நிற்க முடியவில்லை. கூட வேலை பார்த்த மூன்று பேரும் அவன் வேலையையும் சேர்த்து இழுத்துப் பார்த்தார்கள். சங்கத்துப் பெட்டியிலிருந்து கொஞ்ச நாள் உதவி வந்தது. பெட்டி காலியானதும், பார்லி ரொட்டியும் காலியானதும், வில்மட் பல்லைக் கடித்துக்கொண்டு பல்பின் கடைக்குப் போனாள்.

மெழுகுவர்த்தி விற்கும் பல்பின்தான் அந்த வருடம் பிராட்லிப் பங்கில், அதாவது பிராட்லிக் கோயிலுக்கு உட்பட்ட ஊர் எல்லைக்குள், ஏழைகளைக் கவனிக்கிற பொறுப்பில் இருந்தார். கெட்ட மனிதர் இல்லை. ஊர்ப்பணம் தன் கையால் செலவானால் அடுத்த தெருவுக்காரன் பேசுவானே என்று பயந்தவர், அவ்வளவுதான். ரொட்டியைக் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"உன் புருஷன் எந்தப் பங்குக்காரன்?"

"என்ன கேள்வி இது? நான் இந்த ஊர்ல பொறந்தவ. எங்கப்பா அடிச்ச மணியக் கேட்டுத்தான நீங்க ஞானஸ்நானத்துக்கே போனீங்க."

"நீ பொறந்தது சரிம்மா. கட்டிக்கிட்டேல்ல? புருஷன் எந்தப் பங்கோ, பொண்டாட்டி பிள்ளைங்களும் அந்தப் பங்கு. உதவின்னு வந்தா அந்தப் பங்குக்கே அனுப்பிடணும். சட்டம் அப்படி. நானா எழுதினேன்?"

அதில்தான் சிக்கல். அம்ப்ரோஸ் எக்ஸ்மூர் மேட்டுப் பிள்ளை. தாய் தகப்பன் இல்லாத அவனை, சிறுவயதிலேயே கொலப் என்ற முதலாளியிடம் தொழில் பழக அனுப்பிவிட்டார்கள். தொழில் பழகியவனுக்கு, பழகின காலத்தின் கடைசி நாற்பது இரவு எங்கே படுத்தானோ அதுதான் பங்கு. அவன் படுத்தது முதலாளி வீட்டில் இல்லை, பட்டறையில். கொலப்பின் பட்டறை ஊர்க்கோடியில், ஓர் ஓடையின் மேல் கட்டியது. ஓடைதான் எல்லை. அடுப்பு இருந்த பக்கம் பிராட்லி. கதவு இருந்த பக்கம் அப்காட் பங்கு. அப்காட் என்றால் குன்றின்மேல் காற்று அடிக்கும் நாலு பண்ணையும் ஒரு கோயிலும். அங்கே நூற்கக் கொடுப்பாரும் இல்லை, வில்மட்டுக்கு முகம் தெரிந்தவரும் இல்லை. பையன் படுத்த மூட்டைப் படுக்கையோ ஓடைக்குக் குறுக்கே கிடந்தது. பாதி உடம்பு இங்கே, பாதி உடம்பு அங்கே.

"அப்படின்னா தலை எந்தப் பக்கம் இருந்துச்சோ அந்தப் பக்கம். போன வருஷம் வேற ஒரு ஊர்ல அப்படித்தான் தீர்ப்பாச்சாம். உன் புருஷன நீதிபதிங்க முன்னால வந்து சொல்லச் சொல்லு" என்றார் பல்பின்.

வில்மட் வீட்டுக்கு வரும் வழியிலேயே முடிவு செய்துவிட்டாள்.

"யோவ், கேட்டுக்க. தலை அடுப்புப் பக்கம்னு சொல்லணும். குளிருக்கு அடுப்புப் பக்கம் தலை வச்சுப் படுத்தேங்கய்யான்னு சொல்லு. எந்தத் துரையும் நம்புவான்."

அம்ப்ரோஸ் நெருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "அடுப்புப் பக்கம் எவன் புள்ள தலை வைப்பான்? கரிக்காத்து ஆளக் கொன்னுடும். சீவுறவன் எவனும் கதவுப் பக்கம்தான் வைப்பான்."

அது அவளுக்கும் தெரியும். கல்யாண இரவில், வீட்டில் கரியே இல்லாதபோதும், இவன் தலையணையைத் தூக்கிக் கதவுப் பக்கம் போட்டவன்தானே. "துரைக்கு அது தெரியுமா? பல்பினுக்குத் தெரியுமா? மெழுகுவத்தி விக்கிற ஆளு. உன் தொழில் மானம் போகுதுன்னு பாக்குறியா?"

"ஹூக்வே அண்ணன் அங்க இருப்பாரே."

ஜோப் ஹூக்வே அந்தக் காலத்தில் கொலப் பட்டறையின் மேஸ்திரி. இப்போது பல்லும் இல்லை, வேலையும் இல்லை. வில்மட் அவரையும் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். "கேட்டா ஞாபகம் இல்லம்பேன். எனக்குக் காலைல தின்னதே ஞாபகம் இல்ல, துரைமாருங்க நம்பாம என்ன" என்று அவர் சொல்லிவிட்டார்.

"ஜேன் இங்க இருக்கா" என்றாள் வில்மட் கடைசியாக.

அம்ப்ரோஸ் கொஞ்ச நேரம் இருமினான். பிறகு, "சரி, சொல்றேன்" என்றான்.

விசாரணை 'வெள்ளை மான்' விடுதியின் மாடியில் நடந்தது. இரண்டு துரைமார்கள் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். கீழே ஆட்டுக்கறி வேகும் வாசனை வந்துகொண்டிருந்தது, அதனால் அவர்களுக்குச் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்ற நல்லெண்ணம் இருந்தது. பின்பலகையில் வில்மட்டும் பிள்ளைகளும், பக்கத்தில் ஹூக்வேயும், வேலையை விட்டுவிட்டு வந்த இரண்டு மூன்று சீவுகிறவர்களும். செவ்வாய்க்கிழமை என்பதால் அவர்களுக்கு அப்படி ஒன்றும் நஷ்டமில்லை.

அம்ப்ரோஸ் வேதப் புத்தகத்தை முத்தமிட்டான். மேட்டிலிருந்து வந்தது, கொலப், பட்டறை, மூட்டைப் படுக்கை எல்லாவற்றையும் சொன்னான்.

"தலை எந்தப் பக்கம் வச்சுப் படுப்பே?" என்றார் பெரிய துரை.

"அடுப்புப் பக்கங்கய்யா. குளிருக்கு."

பின்பலகையில் ஒரு சீவுகிறவன் தொண்டையைச் செருமினான். ஹூக்வே அவன் காலை மிதித்தார். துரை தலையை ஆட்டிக்கொண்டு பேனாவை மையில் தோய்த்தார். வில்மட் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். இனி சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம், தன் வீட்டுக்கு, என்று நினைத்தாள்.

அப்போது பல்பின் எழுந்தார். "ஒரே ஒரு கேள்விங்கய்யா. இவன் தனியாவா படுத்தான்? பட்டறைல ரெண்டு பசங்க இருந்தாங்கன்னு கேள்வி. ஒரு படுக்கைல ரெண்டு பேர்னா, ஆளுக்கு ஒரு பக்கம் தலையும் காலுமா மாத்தித்தானே படுப்பாங்க?"

"கூட இன்னொருத்தன் படுத்தானா?" என்றார் துரை அம்ப்ரோஸிடம்.

"ஆமாங்கய்யா. டேவின்னு ஒருத்தன் இருந்தான், என்ன மாதிரியே மேட்டுலேருந்து வந்தவன்."

"அப்போ அவன் தலை கதவுப் பக்கம் இருந்திருக்கும். உன்னோடது அடுப்புப் பக்கம். அவ்வளவுதானே?"

ஆமாம் என்ற ஒரு சொல் போதும். துரையே சொல்லிக் கொடுத்துவிட்டார், திருப்பிச் சொல்ல வேண்டியதுதான். அம்ப்ரோஸ் கையிலிருந்த தொப்பியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினான். ஹூக்வே தரையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

"இல்லைங்கய்யா" என்றான் அம்ப்ரோஸ். "ரெண்டு பேரும் கதவுப் பக்கம்தான் வைப்போம். ஒரு ராத்திரி நல்ல பனி. அவனுக்குக் காது வலி. சூடா இருக்கட்டும்னு அவன் மட்டும் அடுப்புப் பக்கம் திரும்பிப் படுத்தான். காலைல எழுப்பினேன், எழுந்திரிக்கல. என் தலை கதவுப் பக்கம் இருந்துச்சு. அதனாலதான் நான் இருக்கேன். அந்த எடத்த மாத்திச் சொல்ல என்னால முடியாதுங்கய்யா."

பெரிய துரை இரக்கப்பட்டார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. ஆனால் இரக்கத்துக்குச் சட்டத்தில் இடம் இல்லை. பொய் சொன்னதற்காக இரண்டு வார்த்தை திட்டிவிட்டு, அப்காட் என்று எழுதினார்.

வில்மட் அன்று அவனோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. பேச்சில்லாத வில்மட்டை அந்த வீடு பார்த்ததே கிடையாது, பிள்ளைகள் பயந்துபோனார்கள். அவளுக்குக் கோபம் மட்டும் இல்லை, அவமானமும் இருந்தது. பிறந்த ஊரிலிருந்து நாயைத் துரத்துகிற மாதிரித் துரத்துகிறார்கள். அதுவும், தான் அவனைப் பார்ப்பதற்கு எத்தனையோ வருடம் முன்னால் அவன் தலை வைத்த இடத்துக்காக. யாரோ ஒரு செத்த பையனுக்காக உயிரோடு இருக்கிற பிள்ளைகளை விட்டுக்கொடுத்தானே என்று நினைக்க நினைக்க அவளுக்கு நெஞ்சு எரிந்தது.

பல்பின் வண்டி அனுப்பினார். சீவுகிறவர்கள் வந்து சாமான் ஏற்றினார்கள். ஒருவன் பாலாடைக்கட்டி கொண்டுவந்தான், ஒருவன் ஒரு ஜாடி ஆப்பிள் கள். ஹூக்வே வெறுங்கையோடு வந்து, ராட்டையை மட்டும் தானே தூக்குவேன் என்று அடம்பிடித்து, மூன்று தடவை இளைப்பாறித் தூக்கி வைத்தார்.

கோயில் வாசலில் வில்மட் வண்டியை நிறுத்தச் சொன்னாள். புதர்வேலி ஓரம் போய் மண்டியிட்டு, ஜேன் மேல் கிடந்த சருகை எடுத்தாள். இனி யார் எடுப்பார்கள் என்று நினைத்ததும் அழுகை வந்தது, நன்றாக அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது அம்ப்ரோஸ் பின்னால் இல்லை. தோட்டத்தின் வடக்குச் சுவரோரம், காஞ்சொறி மண்டிய இடத்தில், தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். அந்தப் பக்கம் நாதியற்றவர்களைப் புதைக்கிற இடம்.

அவள் போய்ப் பக்கத்தில் நின்றாள். "இங்கதான் இருக்கானா?" என்றாள். மூன்று நாளில் அவனிடம் பேசிய முதல் பேச்சு.

"இங்கதான்."

"மேட்டுப் பையனுக்கு இந்த ஊர்ல எப்படிக் குழி குடுத்தாங்க?"

"ரெண்டு பங்கும் சண்டை போட்டுச்சு புள்ள, யாரு பொதைக்கிறதுன்னு. தச்சன் வந்து ஓடைக்கு நேரா கயித்தப் புடிச்சுப் பாத்தான். தலை இந்தப் பக்கம் கெடந்துச்சு. அதனால பிராட்லிக்காரன்னு சொல்லிட்டாங்க."

"நீயும் அன்னிக்கு இந்தப் பக்கம் தலை வச்சிருந்தா..." என்று வில்மட் ஆரம்பித்தாள். கோபத்தில் வந்த பேச்சு, பாதியில் நின்றது. காஞ்சொறிக்குள் இன்னொரு மேடு இருந்திருக்கும். திருநாள் ஊர்வலத்தில் கடைசி வரிசையில் வேறு எவனாவது போயிருப்பான். டாம்சின் இல்லை, பையன்கள் இல்லை, சருகு எடுக்க ஜேனுடைய குழிகூட இல்லை. மூன்று நாளாக இதை யோசிக்காமல் போனதற்கு அவளுக்கு வெட்கமாக இருந்தது.

வாசலில் வண்டிக்காரன் சத்தம் போட்டான். அம்ப்ரோஸுக்கு இருமல் வந்தது. வில்மட் தன் சால்வையை எடுத்து அவன் தோளில் போட்டாள்.

"கதவுப் பக்கம் வச்சது நல்லதாப் போச்சு. நட, குளிருது" என்றாள்.

அவன் முன்னால் போனான். அவள் மட்டும் ஒரு நிமிடம் பின்தங்கி, முன்பின் பார்த்திராத அந்தப் பையனிடம், பக்கத்து வீட்டுக்காரனிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

"டேவி, எங்க ஜேன் அந்த வேலியோரமா இருக்கா. சின்னப் பிள்ள. கொஞ்சம் பாத்துக்கப்பா. எங்க வீட்ல இப்ப நீதான் ஊர்க்காரன்."