சண்டையில் ஓடுகிறவர்கள்

பட்டாசுக் கம்பெனியில் முதல் நாள் சொல்லித்தருவது ஒன்றுதான். மருந்து லேசாகச் சீறினாலும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் பக்கத்துக் கதவு வழியாக ஓடு, திரும்பிப் பார்க்காதே. அதற்காகவே அறைக்கு நாலு பக்கமும் கதவு வைத்திருப்பார்கள். நானும் என் வீட்டுக்காரரும் ஏழாயிரம்பண்ணையில் ஒரே கம்பெனியில், வேறு வேறு அறையில், பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறோம். இந்தப் பாடம் எங்கள் மூளைக்குப் போகாமல் நேராகக் காலுக்குப் போய்விட்டது.

வீட்டில் நான் குரலை உயர்த்தினால் அவர் முன்வாசல் வழியாக ஓடிவிடுவார். அவர் ஓடுவதைப் பார்த்ததும் என் கால் சும்மா இருக்குமா? நான் பின்வாசல் வழியாக ஓடுவேன். குழம்பில் உப்பு இல்லை என்பதற்கெல்லாம் இரண்டு பேரும் தெருவில் மூச்சு வாங்க நின்றிருக்கிறோம். ஒரு சண்டையைக்கூட முழுசாகப் போட்டதில்லை. தெருவுக்கு அது வேடிக்கை, எனக்கு எரிச்சல். அவரிடம் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. இரண்டு வருஷமாகக் கேட்க முடியவில்லை.

விருதுநகரில் ஒரு மனநல ஆலோசகர் அம்மாவிடம் அவரை இழுத்துக்கொண்டு போனேன். பேசுவது வெளியே கேட்கக் கூடாதென்று அந்த அம்மா கதவைச் சாத்தினார். நாங்கள் இருவரும் எழுந்து நின்றுவிட்டோம். இன்னொரு கதவு எங்கே என்று என் வீட்டுக்காரர் மரியாதையாகக் கேட்டார். இல்லை என்றதும் அவருக்கு வேர்த்துக் கொட்டியது, எனக்கும்தான். கடைசியில் மூன்று நாற்காலிகளும் வராந்தாவுக்கு வந்தன. எங்கள் குடும்ப ரகசியத்தை, காத்திருந்த அத்தனை பேரும் காது கொடுத்துக் கேட்டார்கள். ஒருவர் எங்களுக்கு ஆலோசனைகூடச் சொன்னார். அடுத்த சண்டையில் இருவரும் பத்து நிமிஷம் உட்கார்ந்த இடத்தை விட்டு எழக் கூடாது என்று சொல்லி அனுப்பினார் அந்த அம்மா. இந்த முறையும் அவர் ஓடினால் ஆமத்தூரில் என் அம்மா வீட்டுக்குப் போய்விடுவது, திரும்பி வருவதில்லை என்று நான் முடிவு செய்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவரை நாற்காலியில் உட்காரவைத்துக் கேட்டேன்.

"எங்க பக்கத்து ரூம் வெடிச்ச அன்னைக்கு, நீங்க ஏன் என்னையத் தேடி வரல?"

அன்றைக்கு நல்லவேளையாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நானும் ஓடித் தப்பித்துவிட்டேன். ஆனால் அவர் வரவில்லை.

அவர் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கால் இரண்டும் ஆடின. எழவில்லை.

"வேலியத் தாண்டித் திரும்பிப் பாத்தேன். ஒரே புகை. நீ செத்துப் போயிட்டேன்னு நெனச்சேன். அதப் பாக்கப் பயந்துக்கிட்டு அங்கனயே நின்னுட்டேன்."

எழுந்து ஓடியது நான்தான். செருப்புகூடப் போடாமல் தெருமுனை வரை ஓடி, அங்கே நின்று அழுதேன். பின்னாலேயே வருவார் என்று பார்த்தேன். வரவில்லை. இப்போதும் வரவில்லையே என்று ஆத்திரம் பொங்க வீட்டுக்குத் திரும்பினேன்.

அவர் அதே நாற்காலியில், கண்ணைத் துடைக்கக்கூடக் கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"உக்காரு," என்றார். "பத்து நிமிசம் இன்னும் ஆகல."