நிச்சயதார்த்தச் சேலையின் நிறம்

எனக்கு நிச்சயம் செய்ய ரெட்டிபாளையத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் செந்துறைக்கு வந்து இறங்கினார்கள். தாம்பூலத் தட்டில் மாப்பிள்ளை வீட்டுச் சேலை இருந்தது. பெண் அதைக் கட்டிக்கொண்டு வந்து சபையில் உட்கார்ந்தால்தான் எங்கள் பக்கம் நிச்சயம் முடிந்ததாக அர்த்தம். நான் உள்ளே காத்திருந்தேன்.

தட்டை வாங்கிய என் அம்மா அப்படியே நின்றுவிட்டாள். "என்னங்க இது, நல்ல காரியத்துக்குப் போயி கறுப்பு எடுத்தாந்திருக்கீங்க?"

"கறுப்பா? ராமர் நீலம்ங்க. கண்ண நல்லா தொறந்து பாருங்க" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

அவ்வளவுதான். சேலை வாசலுக்குப் போய் வெயில் காய்ந்தது. டியூப்லைட்டுக்கு அடியில் வந்து விசாரணைக்கு நின்றது. ஒருவர் செல்போன் டார்ச் அடித்துப் பார்த்தார். ஓய்வுபெற்ற அறிவியல் வாத்தியாரான என் பெரியப்பா இதற்காகவே காத்திருந்தவர் போல எழுந்தார். வெளிச்சம் மாறினால் நிறமும் வேறாகத் தெரியும், ஆளுக்கு ஆள் கண் வேறு, அது சொல்வதைப் புரிந்துகொள்ளும் மூளையும் வேறு என்று விளக்கினார். எல்லாம் சரிதான். ஆனால் எங்கள் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் கண்ணுக்கும் அது கறுப்பு. வேனில் வந்த அத்தனை பேர் கண்ணுக்கும் நீலம். ஒரு கண்கூடக் கட்சி மாறவில்லை. கண்புரை ஆபரேஷனுக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்த என் மாமா, வாசற்படியில் உட்கார்ந்தபடியே கறுப்பு என்று அடித்துச் சொன்னார். விளக்கம் கொடுத்த பெரியப்பாவும் கடைசியில் கறுப்புப் பக்கம்தான் சேர்ந்தார்.

கதவிடுக்கில் பார்த்த எனக்கு அது நல்ல கத்தரிப்பூ நிறம். பிடித்தும் இருந்தது. அதைவிட மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. பேச்சு முற்றி வேன் கிளம்பிவிடும் போலிருந்தது. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பொறுக்க முடியாமல் நானே வெளியே வந்தேன்.

"கடைக்குப் போயி எடுத்தது அவருதானே? அவரையே கேளுங்க."

அவர் என்ன நிறம் சொன்னாலும் கட்டிக்கொள்வது என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். பச்சை என்றிருந்தால்கூடப் பச்சைதான்.

அவர் தன் அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

"அம்மா என்னா கலரு சொல்றாங்களோ அதாங்க."

சேலைப் பக்கம் அவர் தலை திரும்பவே இல்லை. எனக்குச் சுருக்கென்றது. அடுத்த நிமிடமே கோபம் வந்தது. என் அம்மாவிடம் திரும்பினேன்.

"எனக்கும் கறுப்பாத்தாம்மா தெரியுது. திருப்பிக் குடுத்துடு."