மனு எண்ணைத் தட்டினால் எல்லாம் தெரியும்

ஒரகடத்தில் வேலை பார்த்த வருடங்களில் கலெக்டர் ஆபீசுக்கு நேரில் போய் மனு கொடுக்க எங்களுக்கு ஏது நாள்? ஆறு நாள் ஷிப்ட், மிச்சம் ஒரு நாள் துணி துவைக்க. இனி இணையத்திலேயே மனு போடலாம், மனு எண்ணைத் தட்டினால் அது எந்த மேசையில் கிடக்கிறது என்று யாரும் பார்க்கலாம் என்று பேப்பரில் வந்ததும் நான்தான் அதிகம் துள்ளினேன். எல்லாம் வெளிப்படை என்று ஹாஸ்டலில் ஒரு பிரசங்கமே வைத்தேன்.

என் அறையில் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். என்னைவிட ஆறு வயது சின்னவள். இருவருக்கும் ஒரே உதிரிபாகக் கம்பெனி. நான் பெர்மனன்ட், அவள் ட்ரெய்னி. இரண்டு வருடம் முடியப்போகிறது. அடுத்த மாதம் பெர்மனன்ட் ஆகிறவர்களின் பட்டியலில் அவள் பெயர் வரவேண்டும். அதற்காகக் காய்ச்சலோடுகூட லைனில் நின்றிருக்கிறாள்.

எங்கள் கம்பெனிக் கழிவு ஓடும் ஓடையை ஒட்டித்தான் ஹாஸ்டலின் போர்வெல். தண்ணீர் மஞ்சளாக வந்தது. எனக்கு எருமைத் தோல், ஒன்றும் ஆகவில்லை. அவளுக்கு இரண்டு கையும் புண்.

“ஏக்கா, தண்ணிய டெஸ்ட் பண்ணச் சொல்லி ஒரு மனு போடுங்க. இந்தக் கைய வச்சிக்கிட்டு பார்ட்டப் பிடிக்க முடியலக்கா.”

ஞாயிற்றுக்கிழமை காலை நெட் சென்டருக்குப் போனோம். கடைக்காரர் சிரித்தார். “இன்னாமா, கவர்மென்ட் சைட்டா? ஸ்லோவா கீது. டீ குட்சினு வாங்க.”

டைப்ரைட்டிங் படித்தவள் என்பதால் நான் உட்கார்ந்து அடித்தேன். புண் உனக்கு, மனுவும் உன் பெயரிலேயே இருக்கட்டும் என்றேன். நியாயமாகத்தான் பட்டது. அவள் தலையாட்டினாள்.

தினமும் போனில் பார்த்தோம். மனு மேசைக்கு மேசை நகர்ந்தது உண்மைதான். மூன்றாவது வாரம், அறிக்கை கேட்டு நிறுவனத்துக்கு அனுப்பியிருப்பதாக வந்தது. கம்பெனியையே கேள்வி கேட்டுவிட்டார்கள் என்று அவள் கைதட்டினாள். நானும் சந்தோஷப்பட்டேன்.

நாலு நாள் கழித்து ஹெச்.ஆர். அவளைக் கூப்பிட்டார். அவர் கையில் மனுவின் பிரின்ட் இருந்ததாம். ட்ரெய்னிங் முடிந்தது, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவள் பெயரில் எங்கள் கம்பெனியில் ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். எப்படி இவளைத் தேடிப் பிடித்தார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

மறுநாள் நெட் சென்டரில் மனுவை முழுதாகத் திறந்தேன். பெயர்க் கட்டத்தில் அவள் பெயர், பக்கத்தில் கம்பெனியில் ஆளுக்கு ஒன்றாகக் கொடுக்கும் அவளுடைய டோக்கன் நம்பர். நான் அடித்தபடியே இருந்தது. யோசித்துச் செய்ததில்லை. லீவு லெட்டரிலிருந்து சாப்பாட்டுக் கூப்பன் வரைக்கும் பெயர் எழுதினால் நம்பரையும் சேர்த்தே எழுதிப் பழகிய கை. சர்ச்சில் ஜெப விண்ணப்பச் சீட்டில்கூட நம்பர் போட்ட பெண்கள் எங்கள் ஹாஸ்டலில் உண்டு. கீழே, தண்ணீரில் குறை இல்லை என்று நிறுவனம் தெரிவித்ததால் மனு முடித்துவைக்கப்பட்டது என்றிருந்தது. தேதி, நேரம், அதிகாரியின் பதவி எல்லாம் சுத்தமாகப் போட்டிருந்தார்கள். ஒளிவுமறைவே இல்லை.

எனக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி இருந்தேன். அன்று மத்தியான ஷிப்டில் குறையில்லாமல் வேலை செய்தேன்.

ஊருக்குப் போகிறவளை வழியனுப்ப ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். சூப்பர்வைசர்தான் காட்டிக்கொடுத்தார் என்று வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தாள். பாவம், அந்த மனிதருக்கு ஒன்றும் தெரியாது.

பஸ் வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “எனக்காவ எழுதுனது நீங்க ஒருத்திதாங்க்கா. மறக்க மாட்டேன்.”

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

“போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு” என்றேன்.